இறைக்காத பொரி

பத்தொன்பது வருடமாக நான் ஓட்டுகிற பஸ்ஸில் யாரும் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டதில்லை. ஏசி பத்தவில்லை, சீட்டு கிழிந்திருக்கிறது, பாட்டைச் சத்தமாக வை என்று எந்தப் புகாரும் வந்ததில்லை. இப்படி ஒரு டிரைவர் வேலை எவனுக்குக் கிடைக்கும் என்று என் முதுகை நானே தட்டிக்கொள்வேன். பினாங்கில் ஈமச்சடங்குக்கு வேண்டியதையெல்லாம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. பெட்டி முன்னால் வேனில் போகும். சொந்தபந்தங்கள் பின்னால் என் பஸ்ஸில் வருவார்கள். சுடலையில் இறக்கிவிட்டு, காத்திருந்து, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுவேன். நிறுவனத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஜனங்கள் என் வண்டிக்கு வைத்த பெயர் சாவு பஸ்.

சம்பளம் ஒழுங்காக வரும், முதலாளி மோசமில்லை. ஆனாலும் ஐம்பது தாண்டிய பிறகு அந்த வேலை என் முகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நண்பனைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போனால், அவன் என்னைக் கண்டதும் பதறி எழுந்து உட்காருகிறான். டாக்டரால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தேன். கூட இருந்த அவன் மனைவி சிரிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைகள் எங்கள் வீட்டுக்கு என் மனைவி பெயரில்தான் வரும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் எங்கள் ஃப்ளாட்டின் லிஃப்டில் அந்தத் தலைமையாசிரியை பேச்சுக் கொடுத்தார். எங்களுக்கு இரண்டு மாடி மேலே குடியிருப்பவர். ஜார்ஜ்டவுனில் இருக்கிற ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி அவர் பொறுப்பில் இருந்தது.

"அண்ணே, எங்க ஸ்கூல் பஸ் டிரைவரு முட்டி ஆபரேஷன் பண்ணப் போறாரு. வருஷக் கடைசியோட நின்னுடுவாரு. ஒங்களுக்கு யாராச்சும் தெரியுமா?"

"என்னையே தெரியும் டீச்சர்."

சிரித்தார். பிறகு நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்து, லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே யோசித்தார்.

"அடுத்த வாரம் ஒண்ணாம் ஆண்டு புள்ளைங்களுக்கு ஒரு சுற்றுலா இருக்கு. பொம்பா, போஸ்டாபீஸ், கிளினிக்கு. சமூக உதவியாளர்கள்னு ஒரு பாடம். எங்க பஸ்ஸு கியர் பாக்ஸ் ரோசாக் ஆகி ஒர்க்‌ஷாப்ல கெடக்கு. நீங்க ஒங்க பஸ்ஸ கொண்டாந்து ஒரு நாள் ஓட்டிக் காட்டுங்க. பிஐபிஜி பெற்றோருங்க பாக்கட்டும். அவங்களுக்குப் புடிச்சிட்டா அடுத்த வருஷம் வேலை ஒங்களுக்குத்தான்."

"என் பஸ்ஸ்னா… அது என்ன பஸ்ஸுன்னு…"

"தெரியும்லா. ரெண்டு பக்கமும் மறைக்கிற மாதிரி பெருசா பேனர் அடிச்சிடுறேன். புள்ளைங்களுக்கு என்ன தெரியப் போவுது."

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மஞ்சள் பஸ். காலையில் இருபது, முப்பது பிள்ளைகள். மதியம் அதே பிள்ளைகள், அதே எண்ணிக்கை, அதே வீடு. ஏற்றிக்கொண்டு போனவர்களை ஒருவர்கூடக் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. அந்த வேலை எனக்கு வேண்டும். என் சொந்தக் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. இதை மனைவியிடம் சொன்னேன். அது எனக்கு அப்பவே தெரியும் என்றாள்.

முதலாளியிடம் கெஞ்சி ஒரு காலைப்பொழுது கேட்டேன். "மூணு மணிக்குக் கேசு இருக்கு. ரெண்டு மணிக்கெல்லாம் பஸ்ஸு வந்துடணும்" என்றார். சரி என்றேன். பஸ்ஸை டெட்டால் போட்டு மூன்று முறை கழுவினேன். ஊதுபத்தி வாசம் போகவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் காப்பித்தூளைப் பொட்டலமாகக் கட்டி வைத்தேன். அதற்குப் பிறகு பஸ்ஸில், காப்பி குடித்துக்கொண்டே அழுதுவிட்டுப் போன ஆட்களின் வாசம் வந்தது. மூன்று மணிக் கேசுக்கு வழியெல்லாம் இறைக்க வேண்டிய பூ, பொரி, சில்லறை எல்லாவற்றையும் முன்தினமே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வாங்கிப் பின்பக்கப் பெட்டியில் பூட்டினேன். அந்தப் பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்தபோது என் தலைவிதியைத்தான் பிடித்திருக்கிறேன் என்று தெரியாது.

காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் ஏறினார்கள். இருபத்தாறு பேர். ஏறிய ஒரு நிமிடத்தில் ஜன்னலோர இடத்துக்கு நான்கு இடத்தில் சண்டை. ஒருத்தி அழுதாள். ஒருவன் அடுத்தவன் காலை மிதித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வண்டியை எடுத்தேன். சிறிது தூரம் போனதும், பின்னால் இருந்த வகுப்பாசிரியை மெதுவாகக் கேட்டார். நிபோங் தெபால் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த சின்னப் பெண். அவருக்கு என் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"அங்கிள், ஏன் எல்லாரும் வழி விடுறாங்க?"

பார்த்தால், பழக்கதோஷத்தில் நாலு பக்க விளக்கையும் மின்னவிட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். எதிரே வந்த கார்கள் ஓரம்கட்டின. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் வேகத்தைக் குறைத்துத் தலையைத் தாழ்த்தினார். சிக்னலில் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு டாட்டா காட்டினார்கள். அந்த மனிதர் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

"பாருங்க புள்ளைங்களா, நம்மள எவ்ளோ மரியாதையா நடத்துறாங்க" என்றார் ஆசிரியை.

விளக்கை அணைத்தேன். கால் மட்டும் அழுத்த மறுத்தது. பத்தொன்பது வருடமாக அந்தக் காலுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது.

தீயணைப்பு நிலையமான பொம்பாவில் பிள்ளைகள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டார்கள், குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார்கள். அங்கிருந்த அதிகாரி ஒருவர் என்னைப் பல இடங்களில் பார்த்தவர். பக்கத்தில் வந்து, இன்றைக்கு யார் என்று மலாயில் ரகசியமாகக் கேட்டார். இன்றைக்கு இருபத்தாறு பேர், எல்லோரும் உயிரோடு என்றேன். பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். ஆசிரியை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "நன்றி ஐயா, போயிட்டு வர்றோம்" என்று சொல்லவைத்தார். போஸ்டாபீஸிலும் அப்படியே. கவுண்டரில் இருந்த அம்மாள் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ரப்பர் முத்திரை குத்திவிட்டார். நான் வெளியே நின்று, இருபத்தாறு சின்னக் குரல்கள் போயிட்டு வர்றோம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் ஏறும்போது கண்ணாடி போட்ட ஒரு சின்னப்பயல் என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றான். கையில் ஒரு தாள். தாளில் ஆறு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு உதவியாளர் படத்தை ஒட்ட வேண்டும்.

"அங்கிள், ஒங்கள எங்க ஒட்டுறது?"

"என்னைய கடைசியா ஒட்டு தம்பி. நான் எப்பவும் கடைசியாத்தான் வருவேன்."

"நீங்க யாருக்கு உதவி பண்ணுவீங்க?"

"போறவங்களுக்கு."

"எங்க போறவங்களுக்கு?"

"எல்லாரும் போற எடத்துக்கு."

"பாசாருக்கா? மீன் வாங்கவா?"

"ஆமாம்பா, பாசாருக்குத்தான். போய் ஒக்காரு."

கிளினிக்கில்தான் சிக்கல். நாங்கள் போன நேரத்தில் உண்மையான நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் மிஸ்ஸி வந்து பெரிய பல்லைக் காட்டி, பெரிய பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டி முடிப்பதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. பிள்ளைகள் பத்தரைக்கே சாப்பிட வேண்டியவர்கள். பங்குஸ் பண்ணி, மடித்துக் கட்டி வைத்த மீஹூன் பொட்டலங்களைக் கேண்டீன்காரர் பஸ்ஸில் ஏற்ற மறந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்புகிற வழியில் பர்மா ரோட்டில் ஜாம். முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. ஒருத்தி பசி என்று அழ ஆரம்பித்தாள். அழுகை ஒட்டுவாரொட்டி. ஐந்து நிமிடத்தில் பாதி பஸ் அழுதது.

அழுகை எனக்குப் பழக்கமான சத்தம். ஆனால் அதை நிறுத்த முடியும் என்கிற எண்ணம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை. என் பஸ்ஸில் அழுகிறவர்களுக்கு என்னிடம் கொடுக்க ஒன்றும் இருந்ததில்லை. இவர்கள் அழுவது பசிக்கு. எனக்குப் பின்பக்கப் பெட்டி ஞாபகம் வந்தது.

அது பிரிக்காத பொட்டலம். நேற்றைக்கு வாங்கியது. மொறுமொறு என்று இருந்தது. சரஸ்வதி பூஜைக்கும் இதே கடையில்தான் இதே பொரியை வாங்குகிறார்கள் என்று எனக்கு நானே வாதாடினேன். ஒரு சமாதானம் தேவைப்பட்டால் அது எனக்கு உடனே கிடைத்துவிடும். பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு சின்னக் கையிலும் ஒரு பிடி வைத்தேன். அழுகை நின்றது. கண்ணாடிப் பயல் இரண்டு பிடி கேட்டான். அங்கிள் சூப்பர் என்றான். ஆசிரியை நெகிழ்ந்துபோய், நான் பொரி கொடுப்பதைப் போனில் படம் எடுத்தார்.

எடுத்த படத்தை வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "நம் டிரைவர் அங்கிளும் ஒரு சமூக உதவியாளரே" என்று கீழே எழுதினாராம். பிறகு எனக்குக் காட்டினார். நல்ல படம். முப்பது வருடத்தில் நான் ஒழுங்காகச் சிரித்த ஒரே படம் அதுதான்.

ஜாம் விட்டு, பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலைத் தொட்டேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பிஐபிஜி ஆட்கள் என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தலையை வாரிக்கொண்டேன். கிட்டே போனதும்தான் கையில் வாளியும் தண்ணீர் போத்தலும் தெரிந்தது. போத்தலில் இருந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

முன்னால் நின்றவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். வேலைக்கு நடுவில் மோட்டார் சைக்கிளில் ஓடிவந்திருக்கிறார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. கதவைத் திறந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இவருதான். நான் சொல்லல? இந்த அண்ணன் மொகத்த நான் மறப்பேனா? எங்கம்மாவ கொண்டு போனப்ப இவருதான் ஓட்டுனாரு. இது சாவு பஸ்ஸு!"

எனக்கும் அவர் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், சுடலையிலிருந்து திரும்பி வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் மட்டும் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். இறங்கினால் அம்மா இல்லாத வீட்டுக்குள் போக வேண்டும் என்றார். நான் எஞ்சினை அணைக்காமல், ஏசியை விட்டுவைத்து, முக்கால் மணி நேரம் வெளியே நின்றேன். அடுத்த கேசுக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் திட்டு வாங்கினேன். அதனால்தான் அவருக்கு என் முகம் மறக்கவில்லை. அவசரமாக இறக்கிவிட்டிருந்தால் எனக்கு இப்போது மஞ்சள் பஸ் கிடைத்திருக்கும்.

"என் புள்ளைய இதுல ஏத்திட்டியே!"

"யாருக்கிட்டக் கேட்டு ஏத்துனீங்க?"

"ஏழு வயசுப் புள்ளைக்கா, சுடுகாட்டு பஸ்ஸு?"

பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்க இறங்க, சீருடையோடு தலையில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. சிலருக்கு அது விளையாட்டாக இருந்தது. சிலர் அழுதார்கள். கண்ணாடிப் பயல் இறங்கியபோது அவன் அம்மா கையைப் பிடித்து விரித்தார். உள்ளே நசுங்கிய பொரி.

"இது என்ன பொரி? எந்தப் பொரி இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கடையில் வாங்கியது என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் பயம் வந்தால் எனக்கு மூளை போய் வாய் மட்டும் வேலை செய்யும்.

"இன்னும் எறைக்காத பொரிதான்க்கா" என்றேன்.

பெரிய அமைதி. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ அமைதிகளைக் கேட்டவன் நான். அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பிறகு அந்த அம்மாள் பையனின் கையை ஓங்கித் தட்டினார். பொரி சிதறி விழுந்தது. இப்போது இறைத்தாகிவிட்டது என்று சொல்ல என் நாக்கு துறுதுறுத்தது. நல்லவேளையாக அதைக் கடித்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை வந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் தாய்மார்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஸ்ஸின் பக்கவாட்டில் தானே அளவு கொடுத்து அடித்த பேனரைப் பார்த்தார்.

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார்.

எல்லோரும் என்னிடம் திரும்பினார்கள். லிஃப்ட், பேனர், புள்ளைங்களுக்கு என்ன தெரியப் போவுது, எல்லாம் என் தொண்டைக்குழியில் வரிசை பிடித்து நின்றன.

"ஆமா. டீச்சருக்குத் தெரியாது. நாந்தான் சொல்லல" என்றேன்.

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். நான் அந்த நேரத்திலும் கணக்குத்தான் போட்டேன். இவரைக் காப்பாற்றினால், சூடு தணிந்த பிறகு, அந்த வேலைக்கு எனக்காக இரண்டு வார்த்தை பேசமாட்டாரா? தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கும் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் இன்னும் அந்த மஞ்சள் பஸ்ஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன ஆசிரியைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையிலிருந்து செய்த வேலையைச் செய்தார். நனைந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "டிரைவர் அங்கிளுக்குச் சொல்லுங்க" என்றார்.

"நன்றி அங்கிள், போயிட்டு…"

"சொல்லாதீங்க!" என்று தொழிற்சாலைச் சீருடைக்காரர் கத்தினார். "போயிட்டு வர்றோம்னு இந்த பஸ்ஸுக்குச் சொல்லக் கூடாது!"

சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. பேசாமல் கிளம்பிவிட வேண்டும். என் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களும் அப்படித்தான். அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. முறை தெரிந்தவர். பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்கள். நான் கதவை மூடினேன்.

மூன்று மணிக் கேசுக்குப் பொரி இல்லை. மறுபடியும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைக்காரர், "நேத்துத்தானே வாங்குனீங்க, தீந்துடுச்சா? வியாபாரம் நல்லா போவுது போல" என்றார். ஆமாம், நல்ல வியாபாரம் என்றேன். மூன்று மணி வீட்டில் என் பஸ்ஸில் ஏற யாருக்கும் மறுப்பு இல்லை. ஒரு பெரியம்மா மட்டும் சீட்டில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி, காப்பி வாசம் வருகிறதே என்றார்.

அடுத்த நாளிலிருந்து லிஃப்டில் தலைமையாசிரியையைக் காணவில்லை. மாடிப்படி ஏறிப் போகிறார் என்று மனைவி சொன்னாள். அவருக்கு ஆறாவது மாடி. நான் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து எப்படியும் ஒரு போன் வரும் என்று போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். போன் அடிக்கத்தான் செய்தது. எடுத்தால் முதலாளி, இன்னொரு கேசு.

ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியையே போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த பஸ்ஸு வெசயம்… பிஐபிஜி வேற ஆளப் போட்டுட்டாங்க. லாரி ஓட்டுனவராம்."

"நல்லதுங்க டீச்சர். லாரிக்காரர்னா சரக்கு பத்திரமா போய்ச் சேரும்."

சிரிக்கவில்லை. போனையும் வைக்கவில்லை.

"நீங்க அன்னைக்கி என்னைய காட்டிக் குடுக்கல."

"அதெல்லாம் விடுங்க டீச்சர்."

"நான் பேசிப் பாத்திருக்கலாம்ணே. பேசல."

போனை மறு காதுக்கு மாற்றினேன். வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, அம்மாவுக்கு ரொம்ப முடியல. பெரியாஸ்பத்திரில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாங்க. இன்னும் ரெண்டு நாளு, மூணு நாளுன்றாங்க." குரல் உடைந்தது. "நேரம் வந்தா நீங்களே வருவீங்களா? வேற டிரைவர அனுப்பிடாதீங்க. நீங்கன்னா மெதுவா ஓட்டுவீங்க."

எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் கீழே நிற்பது தெரியும். வெயிலில் நின்றது.

"வரேன் டீச்சர்" என்றேன்.

எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன். வயதானவர்கள் எத்தனை பேர், படி ஏற முடியாதவர்கள் உண்டா என்று கேட்டேன். அவர் அழுதுகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முட்டிவலி உள்ள ஒரு சித்தி இருப்பதாகச் சொன்னார். ஏறுவதற்கு ஸ்டூல் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, ஒரு தாளை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன்.